ஆடாதே என்பதோடு கணக்கையும் சொல்லுங்கள்: ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் கோயில் நிர்வாகத்தினருக்கும் இளைஞர் மன்றப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

திருவிழா மேடையில் வருடா வருடம் யாராவது சூதாட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். தருமர் நாட்டைத் தோற்ற கதை வருகிறது. பெரியவர்கள் தலையாட்டுகிறார்கள். அதே நேரத்தில் பந்தலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் பையன்கள் கைப்பேசியில் பிளாக்ஜாக் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். 21-ஐத் தாண்டாமல், சீட்டுப் போடும் டீலரைவிட அதிக எண்ணிக்கை எடுத்தால் ஜெயிக்கும் சீட்டாட்டம் அது. அவர்கள் காதில் அந்தப் பேச்சு ஏறுவதில்லை. அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுகிறவனுக்குத்தான் அது பொருந்தும், நாமோ மூளையைப் போட்டு ஆடுகிறோம் என்பது அவர்கள் நினைப்பு. அந்த நினைப்புக்குப் பதில் சொல்ல நம் மேடையில் இதுவரை யாரும் ஏறவில்லை.

நான் இந்த ஊரில் கணக்கு டியூஷன் எடுப்பவள். என்னிடம் படித்து, இப்போது செம்பனைக் குலை லாரி ஓட்டும் தம்பி ஒருவன் கைப்பேசியை நீட்டி, "டீச்சர், இந்தக் கட்டம் சரியா பாருங்க" என்றான். திரை முழுக்கப் பச்சையும் சிவப்புமாகக் கட்டங்கள், எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று. கையில் 16, டீலரிடம் 10 என்றால் இன்னொரு சீட்டு எடு. கையில் 12, டீலரிடம் 6 என்றால் எடுக்காதே. இரண்டு எட்டுகள் ஜோடியாக வந்தால் இரண்டு கையாகப் பிரி. இணையக் கேசினோவுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் 'கியாரண்டி டிப்ஸ்' என்று அனுப்பியது. உட்கார்ந்து சரிபார்த்தேன். கட்டம் சரிதான்.

நிர்வாகத்தினர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். "எல்லாம் பொய்" என்று நாம் ஒரே அடியாக அடித்துப் பேசினால், அந்தத் தம்பி நம்மைத்தான் விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்குவான். 1956-லேயே அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர் இந்த விதிகளைக் கணக்குப் போட்டு வெளியிட்டுவிட்டார்கள். மனம் போனபடி ஆடுகிறவனைவிட இந்தக் கட்டத்தைப் பார்த்து ஆடுகிறவனுக்கு நஷ்டம் குறைவு. விதிகள் நன்றாக உள்ள மேசையில், 100 ரிங்கிட் பந்தயத்துக்குச் சராசரியாக 50 சென் அளவுக்கு அது இறங்கிவிடும். ஆனால் அது லாபமாக மாறாது. நஷ்டத்தைக் குறைக்கும் வழியை லாபத்துக்கு வழி என்று விற்கிறார்கள். மோசடி அங்கேதான் இருக்கிறது.

ஏன் மாறாது? தீபாவளிக்கு நம் வீடுகளில் இருபத்தொண்ணு ஆடுவோமே, அதை வைத்தே பையன்களுக்கு விளக்கலாம். கேசினோ விதிப்படி 21-ஐத் தாண்டினால் நம் காசு அப்போதே போய்விடும். பிறகு பேங்கரும், அதாவது டீலரும், தாண்டினால்கூட அது திரும்பி வராது. பேங்கருக்கு உள்ள அனுகூலம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது. வீட்டில் பேங்கர் இடம் சுற்றி வரும், சித்தப்பாவிடம் போன காசு மாமா பேங்கராகும்போது திரும்பலாம். இணையக் கேசினோவில் பேங்கர் எந்நாளும் அவர்கள்தான்.

வெளிவந்த சீட்டுகளைக் கணக்கு வைத்தால் ஜெயிக்கலாமே என்று அடுத்து கேட்பார்கள். எட்வர்ட் தோர்ப் என்ற கணித அறிஞர் 1960-களின் தொடக்கத்தில் நிரூபித்துக் காட்டியது அது, உண்மைதான். ஆனால் அவர் கணக்கு, ஆடிய சீட்டுகள் திரும்பக் கட்டுக்குள் போகாத மேசைக்கு. கைப்பேசியில் கணினி சீட்டுப் போடும் ஆட்டத்தில் ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது. எண்ணுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு பெண் நேரலையில் சீட்டுப் போடும் மேசைகளிலும் பெரும்பாலும் எட்டுக் கட்டுகளைச் சேர்த்து வைத்து, பாதி ஆனதும் கலைத்துவிடுகிறார்கள்.

டீலரிடம் ஏஸ் தெரிந்தால் திரையில் 'இன்சூரன்ஸ்' என்று ஒரு பொத்தான் வரும். டீலரின் மறைந்த சீட்டு பத்து மதிப்புள்ளது என்று தனியாகக் கட்டும் பந்தயம் அது. பெயரைப் பார்த்தே பையன்கள் அமுக்கிவிடுகிறார்கள். ஒரு சீட்டுக்கட்டை எடுத்து, அதிலிருந்து ஒரு ஏஸை மேசையில் வையுங்கள். மீதி 51 சீட்டில் பத்து மதிப்புள்ளவற்றைப் பொறுக்கச் சொல்லுங்கள்: பத்து, ஜாக், ராணி, ராஜா எல்லாம் சேர்த்து 16. மற்றவை 35. பத்து வந்தால் ஒன்றுக்கு இரண்டு கிடைக்கும், வராவிட்டால் கட்டியது போகும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு ரிங்கிட் கட்டியதாக வைத்தால் வரவு 32, செலவு 35. நான் அந்தத் தம்பிக்கு இதைத் தரையில் சீட்டைப் பரப்பித்தான் காட்டினேன். இரண்டு குவியலையும் அவனே எண்ணினான், பிறகு மறுபடியும் எண்ணினான். எந்தச் சொற்பொழிவும் அவனை அப்படிப் பார்க்க வைத்ததில்லை.

இன்னும் சிலவற்றையும் காட்ட வேண்டும். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் அதற்குப் பெயர்தான் பிளாக்ஜாக்; அது விழுந்தால் 10 ரிங்கிட்டுக்கு 15 தருவது பழைய முறை. 12 மட்டும் தரும் மேசைகள் இருக்கின்றன. அந்த ஒரு வித்தியாசமே 100 ரிங்கிட்டுக்கு ஏறக்குறைய 1 ரிங்கிட் 40 சென்னை ஆடுகிறவன் பையிலிருந்து எடுத்துவிடும். தோற்கத் தோற்க இரட்டிப்பாகக் கட்டு என்ற டிப்ஸ் அதைவிடக் கொடியது. 10 ரிங்கிட்டில் தொடங்கி ஏழு கை தொடர்ந்து தோற்றால் 1,270 ரிங்கிட் போயிருக்கும். எட்டாவது கைக்கு 1,280 வேண்டும். இத்தனையும் 10 ரிங்கிட் லாபத்துக்காக! 100 ரிங்கிட் போனஸ் தருகிறோம் என்பார்கள். போனஸைப்போல் 30 மடங்கு ஆட வேண்டும், பிளாக்ஜாக்கில் கட்டுவதில் பத்து விழுக்காடுதான் கணக்கில் சேரும் என்று நிபந்தனை இருந்தால், 30,000 ரிங்கிட்டுக்குப் பந்தயம் கட்டியாக வேண்டும். கட்டத்தை ஒரு தப்பும் இல்லாமல் பார்த்து ஆடினாலும் சராசரி நஷ்டம் 150 ரிங்கிட்.

வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கைக்கு 15 வினாடி என்றால் மணிக்கு 240 கை. கைக்கு 10 ரிங்கிட் வீதம் 2,400 ரிங்கிட் சுழலும். நூற்றுக்கு 2 ரிங்கிட் நஷ்டம் என்று வைத்தாலும் மணிக்கு 48 ரிங்கிட். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கணக்கில் பார்த்தால் 8 ரிங்கிட் 72 சென்தான். வெயிலில் குலை ஏற்றி ஐந்து மணி நேரத்துக்கு மேல் சம்பாதித்தது, கட்டிலில் படுத்தபடி ஒரு மணி நேரத்தில் போகிறது. முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தனின் ஊர் இது. 1960-இல் அவர் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் நம் தாத்தா பாட்டிமார் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் தோட்டங்களை வாங்கினார்கள். அந்தப் பத்து வெள்ளியின் கதை தெரிந்த வீடுகளில்தான் இன்று இது நடக்கிறது என்பது எனக்குத் தாங்கவில்லை.

நான் சொன்ன எண்களெல்லாம் சீட்டு நேர்மையாகக் கலைக்கப்படுகிறது என்று வைத்துச் சொன்னவை. இந்த நாட்டில் உரிமம் உள்ள கேசினோ கெந்திங் மலையில் மட்டும்தான். கைப்பேசிக் கேசினோ எதற்கும் இங்கே உரிமம் இல்லை. உரிமம் இல்லாத சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டங்கள் 1953 முதல் இருக்கின்றன. ஜெயித்த காசை ஏஜெண்டு தராமல் குழுவிலிருந்து நீக்கிவிட்டால், எந்த நிலையத்தில் போய்ப் புகார் கொடுப்பது?

ஆகவே நான் கேட்பது இவைதான். அடுத்த திருவிழாவில் ஓர் அரைமணி நேரத்தை, மேடையில் வேண்டாம், பின்னால் பையன்கள் நிற்கும் இடத்தில், இந்தக் கணக்குக்கு ஒதுக்குங்கள். காற்பந்துப் போட்டிக்கு ஜெர்சி வாங்கித் தருகிறேன் என்று ஏஜெண்டுகள் வந்தால் வாங்காதீர்கள். ஜெர்சியில் அவர்கள் பெயர் இருக்கும்போது நீங்கள் சொல்வது எடுபடாது. கடனில் விழுந்தவனைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். வெட்கப்பட்டவன் நேரே ஆலோங்கிடம், உரிமமில்லாமல் வட்டிக்கு விடுகிறவனிடம், போகிறான். வங்கிக் கடன் என்றால் பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. உங்களில் யாராவது ஒருவர் கூடவே போய் உட்காருங்கள், பையன்கள் தனியாகப் போக மாட்டார்கள்.

வகுப்பு எடுக்க நான் தயார். அந்த லாரி ஓட்டும் தம்பியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். எங்களுக்கு ஒரு மேசையும் இரண்டு சீட்டுக்கட்டும் போதும். கோயில் வளாகத்தில் சீட்டுக்கட்டு வரக்கூடாது என்று நினைத்தால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரு வகுப்பறை கேட்டுக் கொடுங்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, நாளைக் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை,
சுங்கை சிப்புட்