அச்சு இயந்திரம் இல்லாத அச்சு வடிவமைப்புப் படிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில்நுட்பக் கல்லூரியில் வரைகலைத் தொடர்பியலும் அச்சு வடிவமைப்பும் படித்தவள் நான். 18 ஆண்டுகளாக ஓர் அச்சகத்தின் பிளேட் பிரிவில், அதாவது அச்சிட வேண்டிய உருவத்தை உலோகத் தகட்டில் பதிக்கும் இடத்தில், வேலை செய்கிறேன். வடிவமைப்பாளர்கள் அனுப்பும் கோப்புகளை, அவை இயந்திரத்துக்குப் போகும் முன் கடைசியாகப் பார்ப்பது என் கண்கள்தான். அண்மையில் நான் படித்த கல்லூரிக்குப் போயிருந்தேன். பிளேட்டிலிருந்து ரப்பர் உருளைக்கும் அங்கிருந்து தாளுக்கும் மையை மாற்றி அச்சிடும் ஆப்செட் இயந்திரம் நின்ற கூடத்தில் வரிசையாகக் கணினிகள் இருந்தன. இயந்திரத்தைக் கழற்றி விற்றுவிட்டார்களாம். படிப்பின் பெயரில் மட்டும் 'அச்சு' அப்படியே இருக்கிறது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கணினியைக் குறை சொல்லவில்லை. என் பிழைப்பே அதன் முன்தான். ஆனால் திரை ஒளியைக் கொண்டு நிறம் காட்டுகிறது, தாள் மையைக் கொண்டு காட்டுகிறது. இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்தால் தேர்வோடு போய்விடும். மை உருளைக்குப் பக்கத்தில் நின்று கற்றவர்களுக்கு அது மறப்பதில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒரு சிறு கையேட்டை நான் வடிவமைத்தேன். 8 பாயின்ட் அளவுள்ள சிறிய எழுத்து முழுவதற்கும், நான்கு மைகளும் கலந்த கறுப்பைக் கொடுத்திருந்தேன். திரையில் கன்னங்கரேலென்று அழகாக இருந்தது. ஆசிரியர் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பிளேட் போடச் சொன்னார். எங்களிடம் இருந்தது ஓர் ஓட்டத்தில் ஒரு மையை மட்டுமே அச்சிடும் ஒற்றை வண்ண இயந்திரம் என்பதால் ஒரே தாளை நான்கு முறை ஓட்ட வேண்டும். மூன்றாவது ஓட்டத்தில் தாள் மயிரிழை நகர்ந்துவிட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு நிழல் விழுந்தது. "படிக்க முடிகிறதா அம்மா?" என்று மட்டும் கேட்டார். முடியவில்லை. அன்று மாலையே எல்லா எழுத்தையும் கறுப்பு மைக்கு மட்டும் மாற்றி, புதிய பிளேட் எடுத்தேன். இன்று என் மேசைக்கு வரும் கோப்புகளில் அதே பிழையை வாரந்தோறும் பார்க்கிறேன். அனுப்புபவர்கள் திறமையான பிள்ளைகள். தாள் நகர்வதை அவர்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

உங்கள் நாளிதழில் வரும் ஒரு வண்ணப் படத்தை உருப்பெருக்கியின் அடியில் வைத்துப் பாருங்கள். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று புள்ளிகளாகச் சிதறிவிடும். செய்தித்தாள் மையை உறிஞ்சுவதால் புள்ளி பருத்துவிடுகிறது. கோப்பில் 50 விழுக்காடாக இருக்கும் ஒரு சாயல் தாளில் ஏறத்தாழ 75 ஆகத் தெரியும். இது தெரியாதவர் செய்யும் படத்தில் நிழல் விழுந்த முகமெல்லாம் சேறாகிவிடும். எழுத்துக்கும் இதே கதிதான். மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் சிறிய அளவில், தடித்த எழுத்துருவில், மலிவான தாளில் அச்சாகும்போது சுழிகளுக்குள் மை நிரம்பி ஒன்றுபோலவே தெரியும். ஆங்கிலத்துக்கென்று அமைத்த வரி இடைவெளியில் தமிழை ஊற்றினால், மேல்வரியின் 'மூ' கீழ்வரியின் 'கீ'யில் இடித்துக்கொள்ளும். எழுத்துருவைத் தேர்வதும் இடைவெளி விடுவதும் தாளைத் தொட்டுப் பார்த்த பிறகே முடிவாக வேண்டியவை. திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம். வாசகர் அப்படிப் பெரிதாக்கிப் படிக்க முடியாது.

தாளுக்கு இழையோட்டம் உண்டு, அதன் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அதற்குக் குறுக்கே மடித்தால், கனமான அட்டையின் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக்கோடு விழும். வெட்டும் விளிம்புக்கு வெளியே 3 மி.மீ. நிறத்தை நீட்டி விடாவிட்டால், கத்தி சற்று விலகினாலும் ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும். இவற்றைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் கெட்டுப்போன அட்டை ஒன்று கையில் இருக்க வேண்டும்.

ஒரு பெரிய தாளில் எந்தப் பக்கம் எங்கே வர வேண்டும் என்ற பக்க அமைவை எங்களுக்குக் கற்பித்த விதத்தை நினைத்தால் இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒரு தாளைக் கொடுத்து மூன்று முறை மடிக்கச் சொன்னார்கள். மடித்தபடியே 1 முதல் 16 வரை எண் போட்டோம். பிரித்துப் பார்த்தால் எண்கள் பாதி தலைகீழாக, தாறுமாறாக நின்றன. முதுகோடு ஒட்டி நின்ற எந்த இரண்டு பக்கத்தைக் கூட்டினாலும் 17 வந்தது. ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி, என்றால் என்னவென்று அன்று எனக்குப் புரிந்தது. மென்பொருள் இதை நொடியில் செய்துவிடும், உண்மைதான். அது தவறாகச் செய்யும் நாளில் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

தாளில் அச்சிடும் ஆப்செட் முறையே இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற ஒருவரின் கண்ணில் பட்டதுதான். கொழுப்பும் நீரும் ஒட்டாது என்ற இயல்பை வைத்து 1796-இல் ஜெர்மனியில் செனஃபெல்டர் என்பவர் கல்லில் வரைந்ததை அச்செடுக்கும் கல்லச்சைக் கண்டார். நூறாண்டுக்குப் பிறகு, 1904 வாக்கில், அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்பவரின் கல்லச்சு இயந்திரத்தில் ஒருமுறை தாள் போகாமல் உருவம் ரப்பர் உருளையிலேயே பதிந்துவிட்டது. அடுத்த தாளின் பின்பக்கத்தில், ரப்பரிலிருந்து பதிந்த உருவம் முன்பக்கத்தைவிடத் தெளிவாக இருந்ததை அவர் கவனித்தார். வீணான தாள் என்று அதைக் கசக்கிப் போடாமல் பார்த்தாரே, அந்தப் பார்வையைத்தான் மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

இயந்திரத்துக்கு இடம் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், மாணவர் சேர்க்கையும் குறைகிறது என்று கல்லூரிகள் சொல்வதை நான் மறுக்கவில்லை. பெரிய இயந்திரம் கேட்கவில்லை. சிறிய ஒற்றை வண்ண இயந்திரம் ஒன்று போதும். அதுவும் முடியாதென்றால் ஒரு பருவம் முழுவதும் அச்சகத்தில் பயிற்சி தரட்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பும் இரண்டு நாள் பார்வையிடல் போதாது. மாணவரின் செயல்திட்டத்துக்குத் திரையைப் பார்த்து மதிப்பெண் போடாமல், அச்சாகி, மடித்து, வெட்டிய படியைக் கையில் வாங்கிப் போடட்டும். அச்சுக்கு எதிர்காலம் இல்லை என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோர், வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியைத் திறந்து உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் பார்க்க வேண்டும். அவ்வளவு பொடி எழுத்தைப் படிக்கும்படி அமைக்க, படித்த ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இரவில் உங்கள் நாளிதழ் அச்சேறும் நேரத்தில், மாதம் ஒரு நாளாவது இந்த மாணவர்களை உள்ளே அனுமதியுங்கள். முதல் நூறு படிகள் நிறம் பொருந்தாமல் கழிவாகப் போகுமே, அவற்றில் ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பிளேட் பிரிவுப் பணியாளர் ஒருவர்