பூக்க விட்ட பொயிலை

பிள்ளை,

கடிதத்துக்குள்ள மடிச்ச பேப்பர் ஒண்டு இருக்குது, மெல்லமாத் திற, தும்மினாலே பறந்திடும். மண்ணிறத் தூசு மாதிரிக் கிடக்கிறதுதான் விதை. போன கோடையில ராத்திரி டெக்கில இருந்து, என்னப்பா மல்லிகை மாதிரி மணக்குது எண்டு கேட்டியே, அந்த வெள்ளைப் பூ. நிக்கோட்டியானா அலாட்டா எண்டு பேர், பிரேசில் அர்ஜென்ரினா பக்கத்துச் செடி, பொயிலைக்குச் சொந்தம்.

அப்பப்பா ஊரில பொயிலை வைச்சவர் எண்டு உனக்குத் தெரியும். மொட்டு தலை காட்டின உடன கிள்ளிப்போடுவினம், சத்தெல்லாம் இலைக்குப் போகோணும், இலைதானே காசு. விதைக்கு விட்ட ரெண்டு மூண்டு கண்டு மட்டும் பூத்து நிக்கும், அதை ஒருத்தரும் நிண்டு பார்க்கிறேல்ல. நான் பொயிலைப் பூவை ஆறுதலா இருந்து பார்த்தது கனடாவில ஸ்காபரோவுக்கு வந்தாப்பிறகுதான்.

முதல் வருசம் அரை இஞ்ச் மண் போட்டு மூடி வைச்சு ஒண்டும் முளைக்கேல்ல. பிறகுதான் நினைவு வந்தது, அப்பப்பா விதையைச் சாம்பலோட கலந்து பாத்தியில தூவுவார், மேல மண் போட்டதை நான் கண்டதே இல்லை. இந்த விதைக்கு முளைக்க வெளிச்சம் வேணும். நீ ஏப்ரல் தொடக்கத்தில காய்ஞ்ச மணலோட கலந்து ட்ரேயில ஈரமண்ணுக்கு மேல தூவி விரலால மெல்ல அமத்தி விடு, மூடாத. மேலால தண்ணி ஊத்தினா விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போயிடும், ட்ரேயைத் தண்ணித் தட்டில வை, அடியால உறிஞ்சும். 20 பாகை சூடு, மேல பிளாஸ்ரிக் மூடி, யன்னலோரம். 10 நாளிலயும் வரும் 20 நாளிலயும் வரும், அதுக்குள்ள எறிஞ்சு போடாத பிள்ளை.

ஒட்டாவாவில மே கடைசிக்கு முதல் வெளியில நடாத, பனி கொண்டுபோயிடும். ஒரு கிழமை பகலில மட்டும் வெளியில வைச்சுப் பழக்கிப்போட்டு ஒரு அடி இடைவெளியில நடு. தக்காளிக்குப் பக்கத்தில வேண்டாம், ரெண்டும் ஒரே குடும்பம், இலைச்சுருட்டு வருத்தம் ஒண்டுக்கு வந்தா மற்றதுக்கும் தொத்தும். கடையில குட்டைச் சாதி கலர்கலரா விக்கும், வடிவுதான், ஆனா கனக்கச் சாதிக்கு வாசமில்லை, எனக்கு அது பிடிக்காது.

முக்கியமா ஒண்டு, சின்னவள் எல்லாத்தையும் வாயில வைக்கிற வயசு. இலை தண்டு எல்லாத்திலயும் நிக்கோட்டின் இருக்கு. ஊரில பனி ஈரத்தோட இலை முறிச்ச ஆக்களுக்குத் தலை சுத்திச் சத்தி வாறதை என்ர கண்ணால கண்டனான். அவளுக்கு எட்டாத இடத்தில வை, தொட்டா கை கழுவு.

பகலில பூ சோர்ந்து கிடக்கும், செத்துப்போச்செண்டு பயப்பிடாத. பொழுதுபட விரியும், அப்பதான் மணக்கும். நல்ல இருட்டினாப்பிறகு பெரிய விட்டில் ஒண்டு வரும், பூவில இருக்காது, அந்தரத்தில நிண்டபடி நீட்டுக் குழலுக்குள்ள நாக்கை விட்டுத் தேன் குடிக்கும். சின்னவளைத் தூக்கி வைச்சுக் காட்டு.

முளைச்ச உடன படம் அனுப்பு, அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறா.

அப்பா