பத்து கடலை எடுத்துத் தா

அல்சூர், பெங்களூரு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடந்தாய் என்று படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம். மருத்துவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நான் சொல்கிறேன், கேள்.

பேரனைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை மூன்று முறை படித்தேன். நூறுவரை மூச்சுவிடாமல் சொல்கிறான், ஆனால் "பத்து கடலை எடுத்துத் தா" என்றால் கைநிறைய அள்ளி நீட்டுகிறான். பள்ளியிலோ ஒன்றிலிருந்து நூறுவரை தினமும் நோட்டில் எழுதி வரச் சொல்கிறார்கள். "இவனுக்குக் கணக்கு வராதோ" என்று கேட்டிருக்கிறாய். நாலரை வயதுக் குழந்தையைப் பற்றி அப்படி நினைக்கவே கூடாது, வசந்தி. அவனுக்கு இப்போது ஒன்று, இரண்டு, மூன்று என்பது ஒரு பாட்டு. ஒரு சொல்லுக்கு ஒரு கடலை என்று தொட்டுக்கொண்டே போக வேண்டும், கடைசிக் கடலைக்குச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இனிமேல்தான் அவனுக்குப் பிடிபடும். கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990இல் சின்னக் குழந்தைகளிடம் இத்தனை பொம்மை கொடு என்று கேட்டுப் பார்த்தார். உன் பேரனைப் போலவே பலர் அள்ளித்தான் கொடுத்தார்கள். எண்ணத் தெரிந்த குழந்தைகளும் அப்படியே செய்தார்கள்.

நோட்டில் எழுதினால் இது வராது. பண்டிகையில் வரும் என்பதை இந்த வருடம் என் வீட்டிலேயே பார்த்தேன்.

நவராத்திரியில் கீழ்வீட்டுப் பையன் தினமும் மாலையில் வந்துவிடுவான். நாலு வயது. சுண்டல் கொடுக்கும் வேலையை அவனிடம் விட்டேன். முதல் நாள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறைக்குள் ஓடித் தட்டில் நாலு தொன்னை வைத்துக்கொண்டு வந்தான். மூன்று பேருக்கு இல்லை. மறுபடி ஓடி ஐந்து கொண்டு வந்தான். இரண்டு மிஞ்சிப்போய், அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கொலுப்படி ஓரத்தில் நின்றான். நான் எதுவும் சொல்லவில்லை. வாய் நமநமத்தது, அடக்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் உள்ளே போகுமுன் வாசற்படியில் நின்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு சமையல் மேடையில் ஒவ்வொரு தொன்னையாகத் தள்ளி வைத்து, "பாட்டிக்கு, மாமிக்கு, அக்காவுக்கு, நீலப் புடவைக்கு..." என்று முணுமுணுப்பது கேட்டது. சரியாகக் கொண்டு வந்தான். ஏழு என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. ஆளுக்கு ஒன்று என்பதுதான் வந்தது. ஏழு என்று எண்ணி எடுத்தது சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள்தான். யாருக்காவது கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்ற பதைப்பு அந்த முகத்தில் இருந்தது பார், அதுதான் அவனுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது.

போன திங்கட்கிழமை பசவனகுடியில் கடலெகாய் பரிஷெ. கன்னடர்களின் கார்த்திக மாதக் கடைசித் திங்கட்கிழமையில் நடக்கும் நிலக்கடலைச் சந்தை. அவர்களுக்கு மாதம் அமாவாசையோடு முடிந்துவிடுவதால் நம் கார்த்திகைத் தீபத்துக்கு முன்பே வந்துவிட்டது. அந்தப் பையனையும் ஆறு வயது அக்காவையும் அவர்கள் அம்மாவோடு கூட்டிப் போனேன். அல்சூரில் மெட்ரோ ஏறியதிலிருந்து ஒரு நிலையத்துக்கு ஒரு விரல் என்று மடக்கச் சொன்னேன். மெஜஸ்டிக்கில் இறங்கும்போது ஆறு விரல். பச்சை ரயிலில் மாறி நேஷனல் காலேஜ் வரை இன்னும் மூன்று. கூட்ட நெரிசலில் அம்மா கையைப் பிடிக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறான், மடக்கிய விரல் பிரிந்துவிடுமாம்! ஒன்பது விரலோடுதான் வெளியே வந்தான்.

அங்குள்ள காளைக் கோவிலைச் சுற்றிச் சாலை நெடுகக் கடலைக் குவியல். விளைச்சலை மேய்ந்துவிட்டுப் போன காளைக்கு முதல் கடலையைப் படைக்கிறோம் என்று உழவர்கள் வேண்டிக்கொண்ட கதையை அக்காக்காரி கேட்டுக் கேட்டு வாங்கினாள். ஒரு பை பச்சைக் கடலை வாங்கி வந்தோம்.

வீட்டில் அதைக் கூடத்துத் தரையில் கொட்டினேன். உரிப்பதற்கு முன், வெளியே உள்ள புடைப்பைத் தடவிப் பார்த்து உள்ளே எத்தனை பருப்பு என்று சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று வரிசை. இரண்டு பருப்பு வரிசை கதவுவரை போய்விட்டது, அதில் சண்டையே இல்லை. மற்ற இரண்டில்தான் வந்தது. ஒற்றைப் பருப்புக் கடலை பதினொன்று, குட்டை குட்டையாக. மூன்று பருப்புக் கடலை ஒன்பதுதான், ஆனால் ஒவ்வொன்றும் விரல் நீளம். "மூணுதான் நிறைய, எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்" என்றான் பையன். எண்ணிக் காட்டியும் நம்பவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் உளவியலாளர் பியாஜேயின் பாடம் நினைவிருக்கிறதா? காசுகளை அகட்டி வைத்தால் கூடிவிட்டது என்று குழந்தை சொல்லும் என்று பரீட்சைக்காக உருப்போட்டோமே, அதை என் கூடத்தில் கண்ணால் பார்த்தேன். நான் விளக்கப் போகுமுன் அக்காக்காரி சாக்பீஸை எடுத்துப் பாண்டி ஆடுவதுபோல் கட்டம் போட்டாள். ஒரு கட்டத்துக்கு ஒரு கடலை. இப்போது குட்டைக் கடலை வரிசை இரண்டு கட்டம் முந்திக்கொண்டது. பையன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு நீளக் கடலை ஒன்றை எடுத்து உரித்துத் தின்றுவிட்டு, "இப்போ எட்டு" என்றான். அவனைத் தூக்கி முத்தம் கொடுத்தேன்.

உன் பேரனுக்கும் இதையே செய். கடலை இல்லையென்றால் புளியங்கொட்டை போதும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், வீட்டில் தமிழில் எண்ணட்டும். பதினொன்று என்னும்போதே பத்தும் ஒன்றும் காதில் விழுகிறது. பள்ளியில் சொல்லும் லெவன், டுவெல்வில் அது விழாது. தொண்ணூறு மட்டும் கொஞ்சம் இடறும், பரவாயில்லை.

அடுத்து தீபம் வருகிறது. விளக்குகளை நீ அடுக்கிவிடாதே. படிக்கு இரண்டு என்று சொல்லி, எத்தனை அகல் வேண்டும் என்பதை அவனே பார்த்து எடுத்து வரட்டும். குறைந்தால் திரும்பிப் போகட்டும், நீ எழுந்திருக்காதே. மார்கழியில் ஐந்து புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம் போடுவாய் அல்லவா? நடுவில் ஐந்து, மேலும் கீழும் மூன்று மூன்று, பிறகு ஒவ்வொன்று. புள்ளிக்கு ஒரு புளியங்கொட்டை அவன் வைத்தால் பதின்மூன்று வேண்டும். உனக்கும் குனிகிற வேலை மிச்சம்.

உன் அம்மாவின் பல்லாங்குழி பரணில் இருக்கிறது என்று எப்போதோ சொன்னாய். பொங்கலுக்கு உன் தம்பி இங்கே வரும்போது கொடுத்தனுப்ப முடியுமா? சோழி வேண்டாம், இங்கே கிடைக்கிறது. கீழ்வீட்டுப் பையனிடம் பதினாலு குழி என்று சொல்லிவிட்டேன். தினமும் வந்து கேட்கிறான்.

உன் அன்புள்ள,
கௌரி