வில்லு வேட்டைக்கு பர்மிட் கேக்கறவங்களுக்கு

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பேப்பர்ல ஒரு வாசகர் ஏதோ ஒரு வீடியோவ பாத்துட்டு எழுதியிருந்தார், அமெரிக்கா கனடாவுல விவசாய நெலத்துக்குள்ள நடந்தே போய் வில்லு அம்பால மான் அடிக்கிறாங்க, அது அங்க சட்டப்படி சரி, நுவரெலியா பக்கமும் மரக்கறி தோட்டத்துல மரை (பெரிய காட்டு மான்) தொல்லை இருக்கு, அதனால இங்கயும் பர்மிட் குடுத்தா விவசாயியும் பொழைப்பான் டூரிஸ்ட் காசும் வரும்னு. நான் கந்தப்பளை பக்கம் கெரட்டும் லீக்ஸும் போடுறவன். மரை மேல எனக்கு பெரிய பாசம் ஒன்னும் கெடையாது. ராத்திரி ரெண்டு மரை எறங்குனா போதும், தின்னது கொஞ்சம் மிதிச்சது மிச்சம்னு விடியக்காலம் பாத்தி கெடக்கிற கோலத்த பாத்தா வயிறு எரியும். ஆனாலும் அவர் சொல்ற யோசனை இங்க சரி வராதுங்க.

அவர் அந்த வீடியோவ மட்டும் பாத்துட்டு எழுதிட்டார் போல. எங்க மச்சான் ஒருத்தர் கனடாவுல ஒன்டாரியோவுல இருக்கார், அவர் கூட வேலை செய்றவர் வருஷா வருஷம் வில்லு தூக்கிட்டு போறவராம், நானும் போன்ல தோண்டித் தோண்டி கேட்டிருக்கேன். மொதல்ல லைசென்ஸ், அதுக்கு முன்னாடி படிச்சி பரீட்சை எழுதணும், எத்தன மான் அடிக்கலாம்னு டேக்னு ஒரு சீட்டு குடுப்பாங்க, இலையுதிர் காலத்துல குறிச்ச நாளுக்குள்ளதான் போகணும், நெலத்துக்காரர் சரின்னு சொல்லணும். வில்லு துவக்கு மாதிரி இல்லையே, இருவது முப்பது மீட்டருக்குள்ள போனாதான் நம்பி விடலாம், அதுக்கு காத்து நம்ம மூஞ்சில அடிக்கணும், ரெண்டு அடி வைக்கணும் நிக்கணும், மறுபடி ரெண்டு அடி. சோள வயலும் சமதரையுமா இருந்தா அது நடக்கும். நம்ம பள்ளத்தாக்குல பகல்ல காத்து மேல ஏறும், பொழுது சாஞ்சா கீழ எறங்கும், நடுவுல எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்கும் தெரியாது, அதுக்குள்ள மரைக்கு வாடை போயிரும்.

அதவிட பெரிய விசயம், அம்பு பட்டா மான் அதே எடத்துல விழாது. அம்பு உள்ள அறுத்து ரத்தம் போய்த்தான் சாகணும். அதனால அங்க அரை மணி நேரமாச்சும் அசையாம காத்திருந்துட்டுதான் ரத்தத் தடத்த புடிச்சி போவாங்களாம், அவசரப்பட்டு வெரட்டுனா இன்னும் தூரம் ஓடிரும். நம்ம ஊர் மழையில, பனி மூட்டத்துல எந்த தடத்த பாக்கறது? காயத்தோட மரை தேயில மலைக்குள்ள எறங்கும், இல்லேன்னா ரிசர்வ் காட்டுக்குள்ள பூந்துரும். காலையில கொழுந்து எடுக்க போற பொம்பளைங்க மேல அது பாஞ்சா? அவங்க ஊரு வெள்ளவால் மான் மாதிரி இல்ல இது, ஆண் மரைன்னா இருநூறு கிலோவுக்கும் மேல வரும்.

இன்னொன்னு, மரை தோட்டத்துக்கு வர்றது ராத்திரியிலங்க. அங்க சூரியன் உதிக்க அரை மணி நேரத்துக்கு முன்னாடி இருந்து மறைஞ்சி அரை மணி நேரம் வரைக்கும்தான் வேட்டை, ராத்திரி கூடாது. அப்ப அந்த சட்டத்த அப்படியே இங்க கொண்டாந்தாலும் என் கெரட்ட திங்கிற மரை மேல அம்பு படாது, பகல்ல காட்டோரம் சும்மா படுத்து கெடக்கிறதுதான் சாகும்.

சரி, பர்மிட் யாருக்கு குடுப்பாங்க? நெலத்துக்காரன் சம்மதம் வேணும்னா இங்க நெலத்துக்காரன் யாரு? 1992ல இருந்து தேயில தோட்டம் கம்பெனி கையில குத்தகையில இருக்கு, நிலம் அரசாங்கத்தோடது, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பின்னால பாத்தி போட்டிருக்கிறவனுக்கு ஒரு துண்டு காணி உறுதிப் பத்திரம் கெடையாது, வீட்டுத் திட்டத்துல கெடைச்சாலும் சின்ன துண்டுதான். அப்ப வில்லு தூக்கப் போறது பங்களாவுல ரூம் போட்டு தங்கறவங்கதான். இது ஒன்னும் புதுசும் இல்ல. சாமுவேல் பேக்கர்னு ஒரு வெள்ளக்காரர் 1848ல நுவரெலியாவுல குடியேறி நாய்கள விட்டு மரைய தொரத்தி கத்தியால குத்தி வேட்டையாடுனவர், ஹோர்ட்டன் சமவெளியில நீர்வீழ்ச்சிக்கே அவர் பேர்தான். அவருக்கு அது பொழுதுபோக்கு. நம்மாளு ஒரு துண்டு எறைச்சியோட மாட்டுனா பொலிஸ், கோர்ட்டு, வேலையும் போயிரும். (மரை எறைச்சி எங்க பக்கம் யாருக்கும் தெரியாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், எங்கப்பா காலத்துல அடுப்புக்கு மேல வத்தல் தொங்கும்.) 1937ல இருந்து இருக்கிற சட்டம் பாதுகாக்கிற மிருகம் அது, அத மாத்துறதுன்னா இப்படி ஒரு வீடியோவ பாத்துட்டு மாத்த முடியாது.

சிறுத்தை விசயமும் இருக்கு. மரை, குரைக்கிற மான், பன்னி இதுங்கதான் சிறுத்தைக்கு எரை. அது கொறைஞ்சா லயத்து நாய தேடி வரும், இப்பவே வருது. ஏற்கனவே பன்னிக்கு வைக்கிற கம்பி சுருக்குல எத்தனையோ சிறுத்தை மாட்டுது, 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குல மாட்டி உடவளவைக்கு வைத்தியத்துக்கு கொண்டுபோயும் செத்துப் போச்சே, அது எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. சுருக்கையே இன்னும் ஒழிக்க முடியல, இதுல வில்லு வேறயா.

2025 மார்ச் 15ஆம் தேதி காலையில எட்டு மணியில இருந்து அஞ்சு நிமிசம் நாடு பூரா கொரங்கு, மயில், மர அணில்னு எண்ணுனாங்க ஞாபகம் இருக்கா, அதுல மரை இல்ல. எத்தன இருக்குன்னே எண்ணாம எத்தன டேக் குடுப்பீங்க?

எங்களுக்கு வேணும்னா வேலி வேணும். இப்ப பழைய சேலையும் கிழிஞ்ச வலையும் கட்டி வச்சிருக்கோம், மரை அத சட்டையே பண்ணாது, ஆள் ஒசரத்துக்கு மேல கெட்டியான வலையும் கம்பும் வேணும், அத நாலஞ்சு பாத்திக்காரங்க சேந்து சுத்தி கட்டுனா ஆளுக்கு ஆகற செலவும் கொறையும். விவசாயிகளுக்கு அரசாங்கம் வச்சிருக்கிற கமநல சேவை நிலையம் வழியா மானிய வெலைக்கு வலை குடுத்தா நல்லது, குடுக்கும்போது உறுதி இல்லாத லயத்து ஆளையும் அந்த லிஸ்ட்ல சேக்கணும், இல்லேன்னா வழக்கம் போல டவுன்ல இருக்கிற மொதலாளிமாருக்கு மட்டும் போய் சேரும். இத உங்க பேப்பர் வழியா மேலிடத்துல ஒரு தரம் கேட்டு எழுதுங்க ஐயா.

இப்படிக்கு,
மரக்கறி செய்யும் வாசகர்,
கந்தப்பளை.