சீருடையில் மூன்று அங்குல மடிப்பு: தனியார் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் பள்ளி முதல்வர்களுக்கும் வணக்கம்.

நான் திருப்பூரில் வசிப்பவள். பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைத்துக்கொண்டிருந்தேன். குழந்தைகள் பிறந்த பிறகு வேலையை விட்டு, வீட்டின் முன்னறையில் ஒரு இயந்திரத்தைப் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுக்கிறேன். மூத்த மகள் நான்காம் வகுப்பிலும் இளையவள் ஒன்றாம் வகுப்பிலும் உங்களைப் போன்றோர் நடத்தும் ஒரு பள்ளியில் படிக்கிறார்கள். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. அதற்கென்று 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டண நிர்ணயக் குழுவும் இருக்கின்றன. சிறு குழந்தைகள் இருக்கும் வீடு தன் கைவேலையால் நாலு காசு மிச்சம் பிடிக்கக்கூடிய வழிகளை உங்கள் பள்ளி விதிகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வருகின்றன என்பதை எடுத்துச் சொல்லவும், அவற்றைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவுமே எழுதுகிறேன்.

முதலில் சீருடை. ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் ஒரு குழந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து, ஆறு சென்டிமீட்டர் உயரும். தோளிலிருந்து முழங்கால் வரை வரும் பினோபார்மின் நீளத்தில் அந்த வளர்ச்சியின் பாதிக்குச் சற்று மேல்தான் தேவைப்படும். ஆகவே கீழே மூன்று அங்குலம் மடித்துத் தைத்தால், ஒவ்வொரு ஜூன் மாதமும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் பிரித்துவிட்டு, அதே உடையை இரண்டாண்டு தாராளமாகப் போடலாம். பக்கவாட்டில் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டுத் தைத்திருந்தால் குழந்தை சற்றுப் பூசினாற்போல ஆனாலும் கவலையில்லை. மடிப்பைப் பிரித்ததும் பழைய விளிம்பு இருந்த இடத்தில் வெளிறிய கோடு ஒன்று தெரியும். துணியின் நிறத்திலேயே நூல் போட்டு அதன்மேல் நெருக்கமாக இரண்டு வரி ஓட்டிவிட்டால், வேண்டுமென்றே வைத்த தையலைப்போல அமைந்துவிடும். சட்டையின் காலர் மடிப்பில் தேய்ந்து நூல் தெரிய ஆரம்பித்தால், ஸ்டாண்ட் என்னும் கழுத்துப் பட்டியிலிருந்து காலரை மட்டும் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி புரட்டி மீண்டும் தைத்துவிடலாம். தேய்ந்த பக்கம் உள்ளே போய்விடும், சட்டைக்கு இன்னொரு ஆண்டு ஆயுள் கிடைக்கும். இவை எங்கள் அம்மா காலத்தில் ஊரில் எந்தத் தையற்காரரிடம் கேட்டாலும் செய்து தந்த வேலைகள்தாம்.

பள்ளி அலுவலகத்தின் பக்கத்து அறையில் நீங்கள் விற்கும், அதைத்தான் வாங்க வேண்டும் என்று விதித்திருக்கும் ஆயத்தச் சீருடையில் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யவே முடியாது. குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை, தொழில் அப்படி. தொழிற்சாலையில் பக்கவாட்டுத் தையலை ஐந்து நூல் ஓவர்லாக்கில் அடிப்பார்கள்; அந்த இயந்திரத்தில் ஊசிக்கு முன்னால் ஒரு கத்தி இருக்கிறது, தையல் ஓட ஓட மீதித் துணியை அது வெட்டித் தள்ளிக்கொண்டே போகும். கையில் வரும்போது தையலுக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர்கூட மிஞ்சியிருக்காது. கீழ் மடிப்பும் அரை அங்குலம், மிஞ்சினால் முக்கால். ஆயிரக்கணக்கில் தைக்கும்போது ஒரு உருப்படிக்கு இரண்டு அங்குலத் துணியை மிச்சப்படுத்துவது அவர்களுக்கு லாபம். அந்த இரண்டு அங்குலம் இல்லாமல் அடுத்த ஆண்டு முழுச் சீருடையையும் புதிதாக வாங்க வேண்டியிருப்பது எங்களுக்கு நட்டம். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊரில், உலகக் குழந்தைகளுக்கெல்லாம் தைத்து அனுப்பும் கைகள், தன் வீட்டுக் குழந்தையின் பள்ளிச் சட்டையைத் தைக்கக்கூடாது என்று ஒரு விதி இருப்பது உங்களுக்கே வேடிக்கையாகத் தோன்றவில்லையா?

வெளியே தைத்தால் நிறம் வேறுபடும், பிள்ளைகளுக்குள் ஏற்றத்தாழ்வு தெரியும், சீருடையின் நோக்கமே அதுதானே என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தக் கவலை நியாயமானது. நானும் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வண்ணம் என்று சொல்லி வாங்கிய இரண்டு துணிச் சுருள்கள் வெயிலில் வைத்துப் பார்த்தால் வேறு வேறாகத் தெரிவதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குத் தீர்வு துணியைப் பள்ளி தேர்ந்தெடுத்து மீட்டர் கணக்கில் கொடுப்பதே தவிர, தைத்த உடையாகத்தான் கொடுப்பேன் என்பதில்லை. தமிழ்நாடு அரசு, சத்துணவு சாப்பிடும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை தருகிறது. அவற்றை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தங்கள் கையால் தைக்கிறார்கள். துணியை ஓரிடத்திலும் தையலைப் பல கைகளிலும் வைத்துக்கொண்டே சீருடையைச் சீராக நடத்த முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. பள்ளிச் சின்னத்தைப் பொறுத்தவரை, அதைச் சட்டைப் பையிலேயே எம்பிராய்டரி அடித்துத் தருவதற்குப் பதிலாகத் தனிச் சின்னத்துணியாக விற்றுவிடுங்கள். பழைய சட்டையிலிருந்து பிரித்துப் புதியதில் தைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

சீருடை விற்பனையில் வரும் தொகை பள்ளி நடத்தத் தேவைப்படுகிறது என்பதுதான் உண்மையான காரணம் என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. அந்தப் பணத்தை எங்களைச் சட்டைத் துணியின் வழியாகச் செலுத்தச் சொல்வதில் இருவருக்கும் மரியாதையில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.) 2017 ஏப்ரலிலேயே தன் இணைப்புப் பள்ளிகளுக்கு, பாடநூல், குறிப்பேடு, சீருடை முதலியவற்றை வளாகத்திலோ குறிப்பிட்ட கடைகளிலோதான் வாங்க வேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. நம் ஊர்ச் சரக்கு கப்பலேறிச் செல்லும் இங்கிலாந்தில் 2021-இல் பள்ளிச் சீருடைச் செலவுக்காகத் தனிச் சட்டமே நிறைவேறியது. அதன்படி வெளியான வழிகாட்டுதல், சின்னம் பொறித்த உடைகளை மிகக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், பயன்படுத்திய சீருடை பெற்றோருக்குக் கிடைக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்றும் பள்ளிகளுக்குச் சொல்கிறது. செல்வ நாட்டுக்காரர்களுக்கே அக்காவின் பாவாடை தங்கைக்கு ஆகலாம் என்றால் நமக்கு ஏன் ஆகக்கூடாது?

இங்கே அது ஆகாமல் போவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் கட்டம் போட்ட துணியின் நடுவில் ஓடிய மெல்லிய மெரூன் கோட்டை நீலமாக மாற்றினார்கள். அறிவிப்பில் 'புதுப்பொலிவு' என்று எழுதியிருந்தது. மூத்தவளுக்குப் போதாமல் போய், துவைத்து மடித்து இளையவளுக்காக எடுத்து வைத்திருந்த நான்கு பினோபார்ம்களும் அன்றே செல்லாதவை ஆகிவிட்டன. அவற்றைப் பிரித்து நான் தலையணை உறையும் மதிய உணவுப் பையும் தைத்துவிட்டேன், துணி வீணாகவில்லை. ஆனால் பள்ளிக்கு அந்த ஒரு கோட்டால் என்ன கிடைத்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சீருடையை மாற்றியே தீர வேண்டும் என்றால் ஓராண்டு முன்னதாக அறிவித்து, பழையதும் புதியதும் மூன்றாண்டுக் காலம் சேர்ந்தே நடக்கட்டும். விளையாட்டு விழா டி-ஷர்ட்டின் முதுகில் ஆண்டை அச்சிடும் வழக்கத்தையும் இதோடு நிறுத்தலாம். பனியன் நகரத்தில் ஒரு டி-ஷர்ட்டுக்குக் காலாவதித் தேதி குறிப்பதைப் போன்ற அபத்தம் வேறில்லை.

அடுத்தது குறிப்பேடு. ஆண்டு முடிவில் ஒவ்வொரு பாடக் குறிப்பேட்டிலும் கால்வாசியாவது வெள்ளைத் தாளாக மிஞ்சுகிறது. ஏப்ரலில் அவற்றை நடுப்பின்னை எடுத்து உருவி, அளவு பார்த்து அடுக்கி, மடிப்பில் மூன்று துளை போட்டு, சாக்கு ஊசியில் இரட்டை நூல் கோத்து நடுத்துளையில் தொடங்கி நடுத்துளையிலேயே முடிச்சுப் போட்டால் நல்ல கெட்டியான நோட்டு கிடைக்கும். மாத நாள்காட்டியின் வழவழப்பான தாளை, படம் உள்ளே போகும்படி திருப்பி அட்டை போட்டுவிட்டால் தண்ணீர் பட்டாலும் தாங்கும். என் பிள்ளைகள் ஊசியில் நூல் கோக்கக் கற்றது இந்த வேலையில்தான். இளையவளுக்குத் தாள்களை எண்ணி அடுக்கும் பொறுப்பு, அதில் அவள் கூட்டல் கணக்கையும் சேர்த்தே கற்றுக்கொண்டாள். அப்படித் தைத்த நோட்டை வீட்டுப்பாடத்துக்குக் கொடுத்தனுப்பியபோது, பள்ளிச் சின்னம் அச்சிட்ட நோட்டில்தான் எழுத வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே வாரம் சூழ்நிலையியல் பாடத்தில் 'பொருள்களை மறுபடி பயன்படுத்துவோம்' என்று அவள் கேள்வி பதில் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம், ரஃப் நோட்டுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் மட்டுமாவது தாளின் மேல் சின்னம் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள்.

செயல்திட்டம் என்ற பெயரில் நடப்பதைப் பற்றி ஆசிரியர்களே என்னைவிட நன்றாக எழுத முடியும். இரவு எட்டரை மணிக்குக் கைப்பேசியில், நாளைக் காலை சூரியக் குடும்பத்தின் மாதிரி வேண்டும் என்று செய்தி வருகிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை தூங்கப் போய்விடுகிறது, அப்பா எழுதுபொருள் கடைக்கு ஓடி, செய்து வைத்த மாதிரியோ தெர்மாகோல் பந்துகளோ வாங்கி வருகிறார், அம்மா ஒட்டுகிறாள், மறுநாள் குழந்தைக்கு நட்சத்திரம் கிடைக்கிறது. ஒரு வாரம் கழித்து அது குப்பைக்குப் போகிறது. அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. பள்ளி மாதிரி அலங்காரத்தில் சேராது என்று ஒருவர் வாதாடலாம், அந்த வாதத்தில் வெல்லவும் செய்யலாம். ஆனால் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நெகிழிப் பைகளுக்குத் தடை என்று பிள்ளைகளை வைத்து ஊர்வலம் நடத்தும் பள்ளிக்கு அந்த வெற்றி பெருமை சேர்க்காது. செயல்திட்டத்துக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். கடையில் வாங்கிய எதுவும் இருக்கக் கூடாது, வீட்டில் கிடைத்தது மட்டுமே என்று ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். எங்கள் ஊரில் காதர்பேட்டைப் பக்கம் கட் பீஸ் துணி எடை போட்டு விற்கிறார்கள், எந்த வீட்டிலும் ஒரு மூட்டை இருக்கும். சூரியனுக்கு மஞ்சள் பனியன் துணியும் பூமிக்கு நீலமும் கிடைக்காமல் போகாது. குழந்தை சுருட்டிக் கட்டிய சூரியன் கோணலாகத்தான் இருக்கும். அந்தக் கோணலுக்கு மதிப்பெண் போடுங்கள்.

பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-இல் வெளிவந்த தேசியப் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒன்றாம் வகுப்புக்கு அது அதிகபட்சம் 2.2 கிலோ. சின்னம் அச்சிட்ட தடித்த பை வெறுமையாகவே அந்தக் கணக்கில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. அப்பாவின் பழைய ஜீன்ஸ் காலில் தைத்த பை அதைவிட இலேசானது, துவைக்கவும் எளிது.

வீட்டில் தைக்கத் தெரியாதவர்களும் நேரமில்லாதவர்களும் பெற்றோரில் பலர் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். இரண்டு ஷிப்டு வேலை பார்த்துவிட்டு வரும் தாயிடம் காலரைப் புரட்டித் தை என்று சொல்ல எனக்கும் மனம் வராது. அவர்களுக்கு ஆயத்த உடை இருக்கட்டும், அதில் பக்கவாட்டில் ஓர் அங்குலமும் கீழே மூன்று அங்குலமும் விட வேண்டும் என்று உங்கள் சீருடை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். இரண்டு ஆண்டு தாங்கும் உடைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க யாரும் மறுக்கமாட்டார்கள். தெருமுனைத் தையற்காரரால் அதன்பின் அதைப் பிரித்துவிட முடியும்.

புதிய கல்வியாண்டுக்கான அறிவிப்பை வழக்கம்போல் மே கடைசி வாரத்தில் அனுப்பாமல், ஏப்ரல் தேர்வு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். துணியின் நிற எண், கட்டத்தின் அளவு, மாதிரிக்கு ஒரு சாண் துணி, தனிச் சின்னத்துணியின் விலை ஆகியவை அதில் இருந்தால், துணியை நனைத்துச் சுருக்கம் விட்டு, மே மாத விடுமுறையிலேயே வெட்டித் தைத்துவிடுவோம். பழைய சீருடைகளைப் பெற்றோர் கொண்டுவந்து வைத்து, வேண்டியவர் எடுத்துச் செல்ல ஓர் அலமாரியும் ஒரு சனிக்கிழமையும் ஒதுக்கினால், கிழிந்ததைத் தைத்துப் பொத்தான் வைத்துக் கொடுக்க நானும் என்னைப் போன்ற தாய்மார்கள் சிலரும் கூலியின்றி வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம். இயந்திரம் நாங்களே கொண்டுவருவோம், மின் இணைப்பு மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டு மாணவிகளின் தாய்,
திருப்பூர்.