தீர்ப்புச் செய்தியோடு கெடுவையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கி ஏலத்தை எதிர்த்து வியாபாரி போட்ட மனுவை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டு, ‘கோர்ட்டும் பேங்க் பக்கம்தான்’ என்று காரைக்குடிக் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிவிடும் சர்ஃபாசி சட்டப்படி எடுத்த நடவடிக்கையில் குறை இருந்தால் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும், நேரே உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் அது சாதாரணமாகத் தலையிடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பாயமும் மதுரையிலேயே இருக்கிறது. சொத்தை வங்கி சுவாதீனம் எடுத்தால், அதாவது தன் வசம் எடுத்துக்கொண்டால், 45 நாளுக்குள் அங்கே மனு போட வேண்டும். ரிட், ஸ்டே என்று அலைந்து திரும்புவதற்குள் கெடு ஓடிவிடும். செய்தியில் இதைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை.

1937-ல் சென்னை, ரங்கூனோடு ஒரே நாளில் காரைக்குடியிலும் வங்கி திறந்த சீமை இது. வட்டிக் கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்தக் கெடுக் கணக்குதான் பிடிபடவில்லை.

எங்கள் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய வீடுகள் பல இன்னும் பங்கு பிரியாதவை. ஒரு பங்காளி தொழிலுக்குக் கடன் வாங்கியிருப்பார். மற்றவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டின் தேக்குக் கதவில் நோட்டீஸ் ஒட்டினால் யார் பார்ப்பது? முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான், வெயிலில் பாதி உரிந்த அந்தத் தாள் கண்ணில் படும். ‘என் பேரில் கடன் இல்லையே’ என்று அப்போதும் சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். கடன் வாங்காதவரும் பாதிக்கப்பட்டால் அதே தீர்ப்பாயத்துக்குப் போகச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

கதவில் ஒட்டினால் மட்டும் போதாது. சுவாதீன அறிவிப்பை 7 நாளுக்குள் 2 நாளிதழ்களில் வெளியிட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழி நாளிதழ். உங்களிடமும் வருகிறது, பொடி எழுத்தில், சர்வே எண்ணும் நான்கெல்லையும் ஒரே மூச்சில். விளம்பரக் காசு வாங்குவதில் தப்பில்லை. ஆனால் ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால், அப்புறம் முழுப் பாக்கியையும் கட்டி மீட்கும் உரிமை போய்விடும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட அறிவிப்பைக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் போடக்கூடாதா?

இனி இந்த மாதிரித் தீர்ப்பு வந்தால், செய்திக்குக் கீழே எங்கே போக வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று 2 வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி