அப்பாவும் உருளைக்கிழங்கும்

விஜி,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டுவதற்கு முன்னால் நானே என்னைத் திட்டிக்கொண்டாயிற்று. வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு இப்போது வீட்டிலேயே டயாலிசிஸ். மெஷின் கிடையாது. வயிற்றில் வைத்திருக்கும் குழாய் வழியே இரண்டு லிட்டர் சர்க்கரைத் தண்ணீரை உள்ளே இறக்கி, நாலைந்து மணி நேரம் கழித்து வடித்துவிட்டு அடுத்த பையை மாட்ட வேண்டும். தினமும் நாலு தடவை. "இளநீர் குடிக்கக் கூடாதாம், சர்பத்தை மட்டும் நேரா வயித்துல ஊத்துவாங்களாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்பல்.

முதல் பை வடிந்தபோது எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? நம் உருளைக்கிழங்கு! குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றித் தண்ணீரில் வைத்து, மட்டம் ஏறுவதைப் பார்க்கக் குண்டூசி குத்தி வைத்தோமே, சீக்கிரம் வீட்டுக்குப் போக நீ ஊசியைக் கீழே இறக்கிக் குத்தி லில்லி டீச்சரிடம் மாட்டினாயே, அதே சவ்வூடு பரவல்தான்டி. குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வின் நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து, சர்க்கரை அடர்ந்த பக்கம் தண்ணீர் இறங்குகிறது. யூரியாவும் பொட்டாசியமும் ரத்தத்தில் அதிகம், பையில் அறவே இல்லை, அதனால் அவை தாமே பரவி வந்துவிடும். வரும் தண்ணீரில் ஏறக்குறைய பாதி, செல் சவ்விலிருக்கும் அக்வாபோரின் என்ற புரதத் துளை வழியே வருகிறதாம். அதில் தண்ணீர் மட்டும் ஒற்றை வரிசையில் நுழையும், உப்புகூடப் போகாது. நாம் பிளஸ் ஒன் படித்த 1988இல் இது யாருக்கும் தெரியாது. ரத்த வகையை பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கிற ஆர்எச் புரதத்தை ஆராயப் போன பீட்டர் அக்ரே தற்செயலாக இதில் இடறி, 1992இல் நிரூபித்து, 2003இல் நோபலே வாங்கிவிட்டார். (நீ ஊசியை நகர்த்தாமல் இருந்திருந்தால் யார் கண்டது!)

போன ஞாயிறு ஒரு வளைகாப்புக்குப் போய், பஸ் கிடைக்காமல், நாலு மணிக்கு வடிக்க வேண்டிய பையை ராத்திரி பத்துக்கு வடித்தேன். உள்ளே போனது 2,000 மில்லி. வெளியே வந்தது 1,750. எனக்குக் கை கால் ஓடவில்லை. குழாய் மடங்கிவிட்டதா, உள்ளே எங்காவது கசிகிறதா? அப்பாவை இப்படிப் புரட்டி, அப்படிப் புரட்டி, நடக்கவிட்டுப் பார்த்தும் ஒரு சொட்டு இல்லை. நர்ஸுக்கு போன் போட்டால் அந்தப் பெண் சிரிக்கிறாள். "சர்க்கரை மட்டும் சும்மா இருக்குமாக்கா? அதுவும் கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துக்குள்ள போயிடும். இந்தப் பக்கம் இழுக்க ஆள் இல்லைன்னா தண்ணி திரும்பிடும்."

உருளைக்கிழங்கை ஒரு மணி நேரத்தில் தூக்கிப் போட்டுவிட்டோம் அல்லவா, அதனால்தான் இந்தப் பாடம் நமக்கு எட்டவே இல்லை.

காலையில் அப்பாவின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை, தெரிந்துதான் தூக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வருஷங்கள் போகப் போக சிலருக்கு அந்தச் சவ்வு சர்க்கரையை வேகமாக உறிஞ்ச ஆரம்பித்துவிடுமாம், அப்புறம் சர்க்கரைப் பை போட்டாலும் தண்ணீர் சரியாக இறங்காது. அப்பாவின் சவ்வு எப்படி என்று புதன்கிழமை சோதிக்கிறார்கள். நாலு மணி நேரம் உட்கார வேண்டும். நீ வந்தால் நன்றாக இருக்கும்.

பால்கோவா வேண்டாம். கொண்டு வந்தே தீருவாய் என்றால் எனக்கு மட்டும், அப்பா கண்ணில் படாமல்.

மாலா